ஒரு பல் பின்னால்: பழைய வா பெடலைத் திறந்து, துடைத்து, பேசவைக்கும் முழு வழிகாட்டி

பாறசாலையிலிருந்து ஒரு சேட்டன் போன் பண்ணினார். எழுபதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் நெய்யாற்றின்கரையிலிருந்து நாகர்கோவில் வரை அம்பலத் திருவிழா, பள்ளிப் (சர்ச்) பெருநாள் என்று ஒன்று விடாமல் கானமேளைகளில் கிட்டார் வாசித்தவர். "மோனே, மச்சில ஒரு வா வா பெடல் கெடக்கு. சவுண்டு வருது, ஆனா காலை வச்சா கரகரங்குது. நீ ஒண்ணு பாத்துத் தருவியா?" என்றார். மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி, களியக்காவிளையைத் தாண்டினால் அவர் வீடு.

வா பெடல் என்றால், கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் வைத்து, காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெட்டி. ரெக்சின் பைக்குள் இருந்தது ஓர் இத்தாலியப் பெடல். எழுபதுகளில் வளைகுடாவிலிருந்து மைத்துனர் கொண்டுவந்ததாம். அடித்தட்டைக் கழற்றினால், பேட்டரி இருக்கவேண்டிய இடத்தில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. காலிக்கூடுதான். சுரண்டி எடுத்துவிட்டு உள்ளே பார்த்தேன். காயில் நன்றாக இருந்தது, டிரான்சிஸ்டர் இரண்டும் நன்றாக இருந்தன, ஒரு பாகத்தைக்கூட மாற்றத் தேவைப்படவில்லை. பழைய வா பெடலைப் பற்றி நான் சொல்ல வருவதும் இதுதான். அதில் வரும் குறையில் முக்கால்வாசி கரண்டு சம்பந்தப்பட்டது இல்லை. அழுக்கு, தேய்மானம், தள்ளிப்போன பல்சக்கரம், அவ்வளவுதான். இது தெரியாமல் முதல் நாளே சால்டரிங் அயர்னைச் சூடாக்குகிறவர்கள்தான் நல்ல பெடலைக் கெடுக்கிறார்கள். நானும் ஒன்றைக் கெடுத்திருக்கிறேன், அந்தக் கதை கீழே வரும்.

முதலில், இந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது

1966-இல் கலிபோர்னியாவில் தாமஸ் ஆர்கன் என்ற கம்பெனி, வாக்ஸ் ஆம்ப்ளிஃபயர்களை அமெரிக்காவில் விற்றுக்கொண்டிருந்தது. ஆம்ப்பில் நடுச்சுரங்களைத் தூக்கிக் காட்ட மூன்று நிலை ஸ்விட்ச் ஒன்று இருந்தது. அதன் விலை அதிகமாகப் படவே, பதிலுக்கு ஒரு சாதாரண கன்ட்ரோலை (தண்டைத் திருப்பினால் எதிர்ப்பு மாறும் பாகம்) வைத்துப் பார்க்கும் வேலை பிராட் பிளங்கெட் என்ற இளம் இன்ஜினியரிடம் வந்தது. கன்ட்ரோலைத் திருப்பத் திருப்ப ஒலி வாய் திறந்து பேசுவதுபோல் மாறியது. உடனே ஒரு ஆர்கனின் வால்யூம் பெடலுக்குள் அந்தச் சர்க்யூட்டைத் தூக்கிவைத்தார்கள். டெல் காஷர் என்ற கிட்டார்க்காரர் அதை வாசித்துப் பார்த்தார். கம்பெனி மேலிடத்துக்கு இது கிட்டாருக்கானது என்று தோன்றவில்லை, ஊதுகருவிக்காரர்களுக்கு விற்கலாம் என்று நினைத்தார்கள். ஆகவே கிளைட் மெக்காய் என்ற ட்ரம்பெட் கலைஞரின் பெயரை வைத்து, இத்தாலியில் செய்து, 1967-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அதே வருடம் கிட்டார் ஜாம்பவான்கள் கிளாப்டனும் ஹெண்ட்ரிக்ஸும் அதன்மேல் காலை வைத்தார்கள். அதற்கப்புறம் ட்ரம்பெட்டை யார் நினைத்தார்கள்!

நம்மூர்க்காரர்களுக்குப் பெயரே விளக்கம். இலக்கண வகுப்பில் உகரத்துக்கு இதழ் குவியும், அகரத்துக்கு வாய் அங்காக்கும் என்று படித்தோம் இல்லையா? குதிகாலை அழுத்தினால் இதழ் குவிந்த 'ஊ', நுனிக்காலை அழுத்தினால் வாய் திறந்த 'ஆ'. இரண்டையும் சேர்த்துச் சொல்லிப்பாருங்கள், 'வா' என்று வரும். மேடையில் சின்னப் பிள்ளைகள் "யாரை அண்ணே கூப்பிடுது?" என்று கேட்பார்கள்.

உள்ளே நடப்பது இது. காயில் ஒன்றும் சின்னக் கண்டன்சர் ஒன்றும் சேர்ந்து, ஒரு குறிப்பிட்ட சுருதிப்பகுதியை மட்டும் கூம்புபோல் தூக்குகின்றன. காயில் ஏறக்குறைய 500 மில்லிஹென்றி, கண்டன்சர் 0.01 மைக்ரோஃபாரட். இந்த இரண்டும் மட்டும் இருந்தால் கூம்பு சுமார் 2,250 ஹெர்ட்ஸில் நிற்கும். அதை எப்படிக் கீழே இறக்குகிறார்கள் என்பதுதான் அழகு. வெளியே போகும் ஒலியில் ஒரு பங்கை, கன்ட்ரோல் வழியாகவும் இரண்டாவது டிரான்சிஸ்டர் வழியாகவும் அந்தக் கண்டன்சரின் மறுமுனைக்குத் திருப்பி விடுகிறார்கள். திருப்பிவிடும் அளவு கூடக்கூட, அந்தச் சின்னக் கண்டன்சர் தன்னைவிடப் பல மடங்கு பெரியதுபோல் நடிக்கிறது. குதிகால் முழுக்க அழுத்தியிருக்கும்போது கூம்பு 450 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்குகிறது என்றால், கண்டன்சர் ஏறத்தாழ 25 மடங்கு வேஷம் போடுகிறது என்று அர்த்தம். நுனிக்காலை அழுத்தினால் வேஷம் கலைந்து, கூம்பு மேலே ஏறிவிடுகிறது. நடைமுறையில் பெரும்பாலான பழைய பெடல்களில் உச்சி 1,600-லிருந்து 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும்.

ஆக, உங்கள் பாதம் ஆட்டுவது ஒரே ஒரு கன்ட்ரோலை. அந்தக் கன்ட்ரோல் எந்த இடத்தில் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதுதான் பெடலின் குரல்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்

பழசு என்று விற்கப்படுவதெல்லாம் பழசு இல்லை. 'அறுபதுகளின் அசல்' என்று நம்பி நான் ஒன்று வாங்கினேன். மேல் ஓடும் அடித்தட்டும் பழசுதான், உள்ளே இருந்த போர்டு நேற்று அச்சடித்தது. விற்றவரிடம் கேட்டால், "நான் தொறந்தே பாக்கலியே" என்றார். அன்றிலிருந்து, வாங்குவதற்கு முன் உள்படம் கேட்பேன். உள்படம் தர யோசிக்கிறவரிடம் பேச்சே கிடையாது.

அடித்தட்டை முதலில் பாருங்கள். முதல் தலைமுறைப் பெடல்களின் தட்டில் கிளைட் மெக்காயின் படம் இருக்கும். அடுத்ததில் படம் போய் கையெழுத்து மட்டும். பிறகு வாக்ஸ் வி846 என்ற பெயரும், அதே சாமான் க்ரை பேபி என்ற பெயரிலும் வந்தன. அமெரிக்கத் தயாரிப்பில் தாமஸ் ஆர்கன் பெயரும் கலிபோர்னியாவின் செபுல்வெடா என்ற ஊரும் இருக்கும். இத்தாலியத் தயாரிப்பில் ஜென் என்ற பெயரை நிறையப் பார்க்கலாம். டன்லப் கம்பெனி க்ரை பேபி பெயரை 1982-இல் எடுத்துக்கொண்டது. இன்று எல்லோரிடமும் இருக்கும் ஜிசிபி 95 அதன் வழி வந்தது. டன்லப் தட்டை ஒட்டிவிட்டு எழுபதுகளின் சாமான் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

உள்ளே, கன்ட்ரோலின் முதுகைப் பாருங்கள். இத்தாலியப் பெடல்களில் ஐகார் என்ற முத்திரை இருந்தால் மனசுக்குள் மத்தாப்பு கொளுத்தலாம். அந்தக் கன்ட்ரோலின் எதிர்ப்பு, இரண்டு ஓரத்திலும் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் மாறும். பழைய 'வா'வின் இனிமை பாதி அதில்தான். அமெரிக்கப் பெடலில் சிடிஎஸ் கம்பெனியின் கன்ட்ரோல் இருந்தால் முதுகில் 137 என்று தொடங்கும் எண்ணைத் தேடுங்கள். 137 கம்பெனிக்கான எண், அடுத்த இரண்டு இலக்கம் வருடம், கடைசி இரண்டு இலக்கம் வாரம். 1376815 என்றால் 1968-இன் 15-ஆவது வாரம். கன்ட்ரோல் செய்த நாள் அது. பெடல் அதற்கு முன்னால் பிறந்திருக்க முடியாது, அவ்வளவுதான் அது நிரூபிக்கும். யாராவது இடையில் கன்ட்ரோலை மாற்றியிருந்தால் அந்த எண்ணும் கதை சொல்லாது.

காயிலுக்குச் செல்லப்பெயர்கள் பல. உச்சியில் வளையம் தெரிவதால் ஹாலோ, காசுகளை அடுக்கியதுபோல் இருப்பதால் ஒன்று, குப்பைத்தொட்டி போல உருளையாக இருப்பதால் ஒன்று. பிற்கால ஜென் பெடல்களில் ஃபேசல் என்ற வண்ணக் காயில். இவற்றுக்குள் எது உசத்தி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. வித்தியாசம் உண்டு, ஆனால் சண்டை போடுகிற அளவுக்கு இல்லை. மேடையில் டிரம்ஸும் பேஸும் ஏறியபின் அது எந்தக் காயில் என்று சொல்கிற காது என்னிடம் இல்லை.

திறப்பது

நான்கு ரப்பர் கால்கள். அவற்றின் நடுவில் ஸ்க்ரூ. நல்ல பொருத்தமான திருப்புளியை நிமிர்த்திப் பிடித்து, உடம்பு பாரத்தைக் கொடுத்துத் திருப்புங்கள். நம் பக்கம் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. குளச்சல் பக்கமென்றால் உப்புக்காற்று வேறு. ஸ்க்ரூ அலுமினிய ஓட்டோடு கடித்துப் பிடித்திருக்கும். திரும்பாவிட்டால் முறுக்காதீர்கள். துருநீக்கியை ஒரு ஈர்க்குச்சியால் தொட்டு ஸ்க்ரூவின் ஓரத்தில் மட்டும் வைத்து, ஒரு ராத்திரி விட்டால் மறுநாள் இளகிவிடும்.

தட்டு வந்ததும் கையை வைக்காமல் முதலில் போனில் நாலைந்து படம் எடுங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது, பல்சக்கரம் எந்தப் பல்லில் நிற்கிறது என்பதெல்லாம் படத்தில் பதியவேண்டும். குதிகால் அழுத்திய நிலையில் ஒன்று, நுனிக்கால் அழுத்திய நிலையில் ஒன்று. பின்னால் இந்த இரண்டு படம்தான் உங்களைக் காப்பாற்றும்.

பேட்டரி உள்ளே இருந்தால் எடுத்துவிடுங்கள். கசிந்து பச்சை பூத்திருந்தால், பழைய டூத் பிரஷ்ஷில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வைத்து இன்னொரு தடவை துடையுங்கள். கிளிப் அரித்துப் போயிருந்தால் புதுசு மாட்டலாம், அதில் பழமைப் பெருமை ஒன்றும் இல்லை.

கரகரப்பு: கன்ட்ரோலைத் துடைப்பது

இங்கே நிதானம் வேண்டும். கன்ட்ரோலுக்குள் ஒரு கரித்தடம், அதன்மேல் நடக்கும் ஓர் உலோகக் கை. தடத்தில் தூசியும் ஈரமும் சேர்ந்தால் கை நடக்கும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வரும். தடமே தேய்ந்து போயிருந்தால் குறிப்பிட்ட ஒரே இடத்தில் மட்டும், எவ்வளவு துடைத்தாலும், ஒலி வெட்டும். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எனக்கு இருபது வயசு இருக்கும்போது இது தெரியாது. கையில் கிடைத்தது சைக்கிள் செயினுக்கு அடிக்கும் துருநீக்கி ஸ்பிரே. நண்பனின் ஐகார் கன்ட்ரோலுக்குள் தாராளமாக அடித்தேன். அன்றைக்குக் கரகரப்பு போயே போச்சு, எனக்குப் பெரிய மெக்கானிக் என்ற பேரும் வந்தது. இரண்டு வாரத்தில் உள்ளிருந்த கிரீஸ் கரைந்து தண்டு லொடலொடத்தது, தூசியெல்லாம் அந்த எண்ணெயில் ஒட்டி, தடம் சேறாகிவிட்டது. அப்படி ஒரு கன்ட்ரோலை இன்றுவரை நான் அவனுக்குத் தேடிக் கொடுக்கவில்லை. அவனும் கேட்பதை நிறுத்திவிட்டான். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரியான முறை இது. கரித்தடக் கன்ட்ரோலுக்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனரை வாங்குங்கள். நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேளுங்கள், இல்லாவிட்டால் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழையுங்கள். கன்ட்ரோலின் கால்கள் வெளிவரும் இடத்தில் சின்ன இடைவெளி தெரியும். ஸ்பிரேயின் மெல்லிய குழாயை அங்கே வைத்து ஒரு 'ப்ஸ்', அவ்வளவுதான். மிதிபலகையை நாற்பது தடவை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். வழிவதைப் பஞ்சில் ஒற்றிவிட்டு, கால்மணி நேரம் காயவிட்டு, ஆம்ப்பில் போட்டுக் கேளுங்கள். குறைந்திருந்தால் இன்னொரு தடவை. மூன்றாவது தடவையும் அதே இடத்தில் வெட்டினால் தடம் தேய்ந்துவிட்டது.

தேய்ந்துவிட்டால் உடனே மாற்றவேண்டும் என்பதில்லை. அதுதான் அடுத்த விஷயம்.

பல்சக்கரத்தைச் சரிவைப்பது

மிதிபலகையின் அடியிலிருந்து பல் வைத்த ஒரு பட்டை கீழே இறங்கும். அது கன்ட்ரோலின் தண்டில் இருக்கும் பல்சக்கரத்தோடு கடித்து ஓடும். பட்டை ஓடுகிற தூரம், கன்ட்ரோலின் முழுச்சுற்றையும் திருப்பாது, அதன் ஒரு பகுதியைத்தான் திருப்பும். எந்தப் பகுதி என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். சக்கரத்தை ஒரு பல் இந்தப் பக்கம் நகர்த்தினால் ஒலி இருட்டு, அந்தப் பக்கம் நகர்த்தினால் பளிச். தேய்ந்த இடம் ஒன்று இருந்தால், அதை ஓட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் பல வருடம் வாசிக்கலாம். காசு செலவில்லாத இந்த ஒரு வேலையை ஏன் பலரும் செய்வதில்லை என்பது எனக்கு இன்னும் புதிர்தான்.

செய்முறை: கன்ட்ரோலைப் பிடித்திருக்கும் நட்டை ஸ்பானரால் இளக்குங்கள், முழுக்கக் கழற்றவேண்டாம். கன்ட்ரோல் சற்று விலகியதும் சக்கரம் பட்டையை விட்டுப் பிரியும். பட்டையை அழுத்திப் பிடிக்க ஒரு சின்ன கிளிப்போ வழிகாட்டித் துண்டோ இருக்கும். அது பறந்து கட்டிலுக்கு அடியில் போகாதபடி ஒரு விரலை அணையாக வையுங்கள். இப்போது தண்டை மட்டும் ஒரு பல் அளவு திருப்பி, மறுபடி கடிக்கவிட்டு, நட்டை விரலால் இறுக்கிவிட்டு வாசித்துப் பாருங்கள். மூடாமலேயே, பெடலைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துக் கையால் ஆட்டிக் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. மிதிபலகை இரண்டு பக்கமும் முட்டி நிற்கும்போது, கன்ட்ரோல் தன் எல்லையில் முட்டியிருக்கக்கூடாது. முதலில் பலகை நிற்கவேண்டும். கன்ட்ரோல் முதலில் முட்டினால், மேடையில் உணர்ச்சிவசப்பட்டு நீங்கள் மிதிக்கும் மிதியெல்லாம் பல்லில்தான் இறங்கும். நைலான் பல் எத்தனை நாள் தாங்கும்?

காதால் சரிபார்ப்பதற்கு என் வழக்கம்: நாலாவது கம்பியில் ஒரு சுரத்தை நிறுத்திப் பிடித்து, குதிகாலிலிருந்து நுனிக்கால்வரை பத்து எண்ணும் நேரம் எடுத்து, மெல்ல அழுத்துவேன். 'ஊ' தொடங்கி 'ஆ' முடியும்வரை குரல் எங்கேயும் குதிக்கக்கூடாது. கடைசிக் கால்பங்கில் ஒன்றுமே மாறாமல் காதைக் குத்தும் கீச்சொலி மட்டும் நின்றால் ஒரு பல் பின்னால். தொடக்கத்தில் மண்பானைக்குள் பேசுவதுபோல் இருந்தால் ஒரு பல் முன்னால்.

பலகை தானாக விழுகிறதா? அதை ஊன்றியிருக்கும் அச்சின் நட்டுகளைக் கால்சுற்று இறுக்குங்கள். காலை எடுத்தால் விட்ட இடத்தில் நிற்கவேண்டும், அந்த அளவு போதும். பல்லில் கிரீஸ் மிகமிகக் குறைவாக, பல்குத்தும் குச்சியின் நுனியால் தொட்டு வையுங்கள். அதிகமானால் நம் ஊர்த் தூசி அதில் வந்து குடியேறும்.

நுனிக்கால் அடியில் ஸ்விட்ச் மேல் விழும் இடத்தில் ஒரு மெத்தை இருக்கும். பழைய பெடலில் அது தூளாகியிருக்கும், அதனால்தான் ஸ்விட்ச் விழ எட்டி உதைக்கவேண்டியிருக்கிறது. ரப்பர் விளையும் ஊரில் இருந்துகொண்டு ஒட்டுப்பால் துண்டை வெட்டி ஒட்டத் தோன்றும். ஒட்டாதீர்கள், வெயில் காலத்தில் பிசுபிசுத்துவிடும். கம்பளி ஃபெல்ட் துண்டு இரண்டு மில்லிமீட்டர் தடிப்பில் போதும். கூட்டியும் குறைத்தும், எவ்வளவு அழுத்தினால் ஸ்விட்ச் விழவேண்டும் என்பதை உங்கள் காலுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம்.

இதற்குப் பிறகும் சரியில்லை என்றால் மட்டும், கரண்டு

மல்டிமீட்டரை எடுங்கள். பேட்டரி ஒன்பது வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா? உள்ளே நுழையும் ஜாக்கில்தான் பேட்டரியின் ஸ்விட்ச் ஒளிந்திருக்கிறது. கேபிளைச் சொருகினால்தான் பெடலுக்கு உயிர், உருவினால் உயிர் போகும். அந்த ஜாக்கின் தகடு கறுத்துப்போனால், பெடல் சில நேரம் வேலை செய்யும் சில நேரம் செய்யாது. பென்சில் அழிப்பான் வைத்துத் தேய்த்தாலே பலமுறை சரியாகிவிடும். வாசித்து முடிந்ததும் கேபிளை உருவிவிடுவதும் இதனால்தான். பழைய பெடலில் பேட்டரி மாற்றத் தட்டையே கழற்றவேண்டும், இரண்டு பாட்டுக்கு நடுவில் அது நடக்காது.

காயிலின் இரு முனைகளுக்கு நடுவே ஓமில் பாருங்கள். சில பத்து ஓம் காட்டினால் உயிர் இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, அப்போது மாற்றித்தான் ஆகவேண்டும். அடுத்து ரெசிஸ்டர்கள். பழுப்பு நிறத்தில் குண்டாக இருக்கும் பழைய கரிக்கலவை ரெசிஸ்டர்கள் ஈரத்தைக் குடித்து, வருடம் ஆக ஆக மதிப்பு கூடிக்கொண்டே போகும். நம் பக்கத்துக் காற்றுக்கு இது நிச்சயம். காயிலோடு பக்கத்தில் சேர்ந்திருக்கும் 33 கிலோ ஓம் ரெசிஸ்டர் 45-க்கு ஏறிவிட்டால் கூம்பு கூர்மையாகும், பெடல் மூக்கால் பேசும். சிலருக்கு அது பிடிக்கும். காசு கொடுத்து 47 போடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்! அளக்கும்போது ஒரு காலைக் கழற்றி அளங்கள், சர்க்யூட்டோடு அளந்தால் காயில் வழியே மீட்டர் பொய் சொல்லும்.

டிரான்சிஸ்டர் பக்கம் கடைசியில் போங்கள். பல இத்தாலியப் பெடல்களில் பிசி109, உலோகத் தொப்பி போட்டது. அது எளிதில் சாகாது. 4.7 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் மட்டும் காய்ந்துபோகும் இனம், அதை மாற்றத் தயங்கவேண்டாம். எதை எடுத்தாலும் ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டு, பெயர் எழுதி, பெடலோடு வைத்துவிடுங்கள். நாளை இன்னொருவர் கைக்குப் போகும் சாமான் அது.

அணைத்துவைத்திருக்கும்போதும் கிட்டார் மங்கலாகக் கேட்கிறது என்ற புகார் நியாயமானது. பழைய பெடல்களில் ஸ்விட்ச் வெளியேறும் பக்கத்தை மட்டும்தான் மாற்றும். நுழையும் பக்கம் சர்க்யூட்டோடு ஒட்டியே இருந்து மேல்சுரத்தை உறிஞ்சும். இருபக்கமும் வெட்டும் ஸ்விட்ச் மாட்டினால் போய்விடும். பழைய ஸ்விட்ச்சைப் பத்திரப்படுத்திவிட்டுச் செய்யுங்கள். நான் என்னுடையதில் மாற்றவில்லை. அந்த மங்கல் எனக்குப் பழகிவிட்டது.

அடாப்டர், ஜெனரேட்டர், ரேடியோ

பழைய பெடலில் அடாப்டர் ஓட்டை இருக்காது. டிரில் போடாதீர்கள், தயவுசெய்து. பெடல் இழுக்கும் கரண்டு ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான், ஒரு நல்ல பேட்டரி மாதக்கணக்கில் போகும். அடாப்டர்தான் வேண்டுமென்றால், பேட்டரி கிளிப் ஒன்றை அடாப்டர் ஒயரில் இணைத்து, அதைப் பெடலின் கிளிப்போடு முகத்துக்கு முகம் சேர்க்கலாம். ஆனால் கவனம்: அப்படிச் சேர்க்கும்போது ஒயரின் நிறம் தலைகீழாகும். அடாப்டர் பக்கக் கிளிப்பில் கறுப்பு ஒயர்தான் பாசிட்டிவ். மீட்டரில் பார்க்காமல் மாட்டவே கூடாது.

திருவிழா மேடையில் ஜெனரேட்டர் ஓடும்போது பேட்டரிதான் நிம்மதி. அப்போதும் உறுமினால், பெடல் ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருப்பதே ஒரு காயில், பக்கத்துக் காயிலின் புலம்பலைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். இரண்டடி தள்ளி வைத்தால் தீரும். ஒருமுறை பள்ளிப் பெருநாளில் ஆராதனைப் பாட்டுக்கு முன்னால் என் பெடல் வழியாக மலையாளச் செய்தி கேட்டது. அச்சன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஜாக்கின் எர்த் ஒயர் ஈயம் விட்டு ஆடிக்கொண்டிருந்ததுதான் காரணம்.

ஒலியைக் கரடுமுரடாக்கும் ஃபஸ் பெடல் வைத்திருப்பவர்களுக்கு: பழைய ஃபஸ் ஃபேஸ் மாதிரியானவை தனக்கு முன்னால் இருப்பதைச் சுமையேற்றி அமுக்கும். வா முன்னால், ஃபஸ் பின்னால் என்று நேராகச் சேர்த்தால் 'வா' பாதி ஓட்டத்தில் செத்துவிடும். நடுவில் ஒரு சின்ன பஃபர் (சுமையைத் தான் தாங்கிக்கொள்ளும் சர்க்யூட்) வைத்தால் உயிர் வரும். வரிசையை மாற்றியும் பார்க்கலாம், அப்போது குரல் பெரிதாகி, கொஞ்சம் முரட்டுத்தனம் ஏறும்.

மிதிப்பது

நிறையப் பேர் தாளத்துக்குத் தலையாட்டுவதுபோல் காலையும் ஆட்டுகிறார்கள். எழுபது எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளில் வரும் 'வக்க வக்க' தாள கிட்டாருக்கு அது சரி. கம்பியை இடது கையால் தொட்டு ஊமையாக்கி, அடிக்கு ஒரு மிதி. ஆனால் ராகம் வாசிக்கும்போது ஒரு வாக்கியத்துக்கு ஒரு முறை வாய் திறந்தால் போதும். சுரத்துக்குச் சுரம் வாயைத் திறந்து மூடினால் கொட்டாவி மாதிரி இருக்கும். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டுக் காலை எடுத்துவிடுவதும் ஒரு வித்தை. கூம்பு அங்கேயே நின்று, கூட்டத்துக்கு நடுவிலும் கிட்டார் தனியாகத் தெரியும். செருப்போடு மிதிக்காதீர்கள். வெறுங்காலில், பெருவிரலுக்குத்தான் அந்த ஒரு பல்லின் வித்தியாசம் புரியும்.

வைத்துப் பூட்டும்போது பிளாஸ்டிக் கவரில் கட்டாதீர்கள், உள்ளே வியர்த்துவிடும். பேட்டரியை எடுத்துவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மாதம் ஒருமுறை வெளியே எடுத்து இருபது தடவை ஆட்டிவிட்டு வையுங்கள். குளவிக்கும் அதற்குள் வீடு கட்ட நேரம் கிடைக்காது.

சேட்டனின் பெடலை இரண்டு வாரம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திண்ணையில் ஆம்ப்பை வைத்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, காலை வைத்தார். ஒரே சுரம், குதிகாலிலிருந்து நுனிக்கால்வரை. கரகரப்பு இல்லை. நான் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இன்னொரு தடவை மிதித்து, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கொள்ளாம் மோனே. பட்சே மேல கொஞ்சம் கூடுதலா கீச்சுது. ஒரு பல் பின்னால வை."

திருப்புளியை எடுத்தேன்.